ஸ்டார்டியூ வேலி கேமில் வீட்டைப் பெரிதாக்குவது எப்படி? எவ்வளவு செலவாகும், எதை முதலில் செய்யணும்? முழு விவரம்

காலையில் கடம்பத்தூர் ஸ்டேஷனில் சென்னை போகும் மின்சார ரயிலில் ஏறினால், உட்கார இடம் கிடைத்தவர் கையில் ஒரு போன், நிற்பவர் கையில் ஒரு போன். பாதிப் பேர் ரீல்ஸ் பார்க்கிறார்கள். மீதிப் பேரில் பலர் கேம் விளையாடுகிறார்கள். அதில் சுடும் கேம், ஓடும் கேம் மட்டும் இல்லை. நிலம் உழுது, விதை போட்டு, காசு சேர்த்து, சின்ன வீட்டைப் பெரிய வீடாக்கும் கேம்களும் உண்டு.

இந்த வகையில் உலகம் முழுவதும் பேசப்படும் பெயர் ஸ்டார்டியூ வேலி. இதில் புதிதாக நுழையும் எல்லோருக்கும் வரும் முதல் சந்தேகம், வீட்டை எப்போது பெரிதாக்குவது என்பதுதான். கையில் காசு சேர்ந்ததும் அவசரப்பட்டு வீட்டில் போட்டுவிட்டு, அடுத்த பருவத்துக்கு விதை வாங்கக் காசில்லாமல் நிற்பவர்கள் நிறைய.

வீட்டை மேம்படுத்த எத்தனை கட்டங்கள்? ஒவ்வொன்றுக்கும் என்ன வேணும்? எதை முதலில் செய்தால் லாபம்? இதே மாதிரி வரும் 'இலவச' கேம்களில் எங்கே காசு போகிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது என்ன கேம்?

அமெரிக்காவைச் சேர்ந்த எரிக் பரோன் என்பவர், சுமார் நாலரை ஆண்டுகள் தனி ஆளாக உட்கார்ந்து உருவாக்கிய கேம் இது. கதை, படம், இசை, புரோகிராம் எல்லாமே அவர்தான். 2016 பிப்ரவரி 26-ல் கம்ப்யூட்டருக்கு வெளியானது. ஐபோனுக்கு 2018-லும், ஆண்ட்ராய்டுக்கு 2019-லும் வந்தது.

கதை சிம்பிள். ஜோஜா என்ற பெரிய கார்ப்பரேட் கம்பெனியில் மேசையும் கம்ப்யூட்டருமாக வேலை பார்த்துச் சலித்துப்போன ஒருவருக்கு, இறந்துபோன தாத்தா எழுதி வைத்த கடிதம் கிடைக்கிறது. கிராமத்தில் இருக்கும் தாத்தாவின் நிலம் இனி உனக்குத்தான் என்று அதில் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு அந்த ஊருக்குப் போகிறார். அவர்தான் நீங்கள்.

ஒரு பக்கம் நெல் வயல், இன்னொரு பக்கம் கம்பெனி பஸ் என்று இரண்டையும் தினம் பார்க்கும் திருவள்ளூர் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு விஷயம் மட்டும் முன்பே தெரிஞ்சுக்கணும். இந்த கேமில் தமிழ் மொழி வசதி கிடையாது. அதனால் முக்கியமான பெயர்களை இந்தக் கட்டுரையில் ஒலிபெயர்த்தே கொடுத்திருக்கிறோம்.

ஆரம்பத்தில் வீடு எப்படி இருக்கும்?

ஒரே ஒரு அறை. ஒரு கட்டில், ஒரு டிவி, குளிர் காய ஒரு கணப்படுப்பு. சமையலறை இல்லை. கையில் 500 கோல்டு. பரிசாக 15 பார்ஸ்னிப் விதைகள். வெளியே நிலம் முழுக்க மரமும் கல்லும் களையும்.

இந்த ஒற்றை அறையிலிருந்து மூன்று கட்டங்களில் வீடு வளரும். முதல் கட்டத்தில் சமையலறை. இரண்டாவது கட்டத்தில் கூடுதல் அறைகள், குழந்தைக்கான அறை. மூன்றாவது கட்டத்தில் நிலவறை.

யாரிடம் போகணும்?

ஊருக்கு வடக்கே மலைப் பகுதியில் ராபின் என்ற தச்சரின் கடை இருக்கிறது. முதல் நாள் உங்களை வரவேற்க வருபவரும் அவர்தான். கடை காலை 9 மணிக்குத் திறக்கும், மாலை 5 மணிக்கு மூடும். செவ்வாய்க்கிழமை லீவு. திருவிழா நாட்களிலும் வேலை நடக்காது.

கடைக்குப் போய் வீட்டு மேம்பாடு என்ற ஆப்ஷனைத் தேர்வு செய்தால், காசும் பொருளும் உடனே கழியும். மூன்று நாளில் வேலை முடியும். அதுவரை பழைய வீட்டிலேயே தூங்கலாம், எதுவும் தடைபடாது.

இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று, மரக்கட்டை உங்கள் பையில் இருக்கணும். வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தால் செல்லாது, திரும்ப நடக்கணும். இரண்டு, ராபின் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் எடுப்பார். கோழிக்கூடு கட்டிக்கொண்டிருந்தால், அது முடிந்த பிறகுதான் வீட்டு வேலை.

முதல் கட்டம்: சமையலறை

செலவு 10,000 கோல்டு, 450 மரக்கட்டை. வீடு பெரிதாகும். அடுப்பும் ஃபிரிட்ஜும் வரும்.

சமையலறையால் என்ன பயன்? இந்த கேமில் மண்வெட்டி பிடித்தாலும், கோடாலி வீசினாலும், தண்ணீர் ஊற்றினாலும் உடல் சக்தி குறையும். சமைத்த சாப்பாடு அந்தச் சக்தியைத் திரும்பத் தரும். சுரங்கத்துக்குள் இறங்குபவர்களுக்கு இது ரொம்ப அவசியம். சமையல் குறிப்புகளை வீட்டு டிவியிலேயே கத்துக்கலாம். ஞாயிற்றுக்கிழமை புதுக் குறிப்பு, புதன்கிழமை மறு ஒளிபரப்பு.

இன்னொரு பயனும் உண்டு. ஊரில் யாரையாவது பிடித்துப்போய்க் கல்யாணம் செய்ய நினைத்தால், இந்த முதல் கட்டத்தை முடித்திருக்கணும். "முதல்ல வீட்டைக் கட்டு, அப்புறம் கல்யாணப் பேச்சை எடுப்போம்" என்று நம்ம ஊர்ப் பெரியவர்கள் சொல்வது இந்த கேமிலும் செல்லும்.

மரத்தை வெட்டுவதா, வாங்குவதா?

450 கட்டைக்கு நிறைய மரம் வெட்டணும். அலுப்புத் தாங்காமல் ராபின் கடையிலேயே காசு கொடுத்து வாங்குபவர்கள் உண்டு. இங்கே ஒரு கணக்கு இருக்கிறது.

முதல் ஆண்டில் ஒரு கட்டை 10 கோல்டு. இரண்டாம் ஆண்டிலிருந்து ஒரு கட்டை 50 கோல்டு.

அதாவது 450 கட்டையை முதல் ஆண்டில் வாங்கினால் 4,500 கோல்டு. அதையே தள்ளிப்போட்டு அடுத்த ஆண்டு வாங்கினால் 22,500 கோல்டு. வீட்டுக்கான கூலியே 10,000தான். மரத்துக்கு மட்டும் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டி வரும். சிமென்ட் விலை ஏறும் முன் மூட்டையை இறக்கி வைக்கும் அதே புத்திதான் இங்கேயும் வேணும். வெட்டினால் சக்திதான் போகும், காசு போகாது.

முதலில் வீடா, கோழிக்கூடா?

இந்த கேம் விளையாடுபவர்கள் ஓயாமல் விவாதிக்கும் கேள்வி இது.

கோழிக்கூட்டுக்கு 4,000 கோல்டு, 300 மரக்கட்டை, 100 கல். மாட்டுக்கொட்டகைக்கு 6,000 கோல்டு, 350 மரக்கட்டை, 150 கல். இரண்டையும் சேர்த்தால் சரியாக 10,000 கோல்டு. வீட்டின் முதல் கட்டத்துக்கும் அதே 10,000தான்.

ஒரே பணத்தில் ஒன்று தினமும் முட்டையும் பாலும் தரும். இன்னொன்று சமையலறை தரும். வருமானம் என்று பார்த்தால் கோழிக்கூடுதான் முதலில். வீடு நேரடியாகக் காசு தராது.

அதனால் பலர் பின்பற்றும் வரிசை இது:

1. முதலில் விதை. கையில் இருக்கும் காசு மண்ணில் இருந்தால்தான் வளரும்.

2. அடுத்து 2,000 கோல்டுக்குப் பெரிய பை. பை நிறைந்து பாதிப் பொருளைக் கீழே போட்டுவிட்டு வருவது தினசரி நஷ்டம்.

3. அதன் பிறகு கோழிக்கூடு.

4. விதைக்குத் தனியாகக் காசு ஒதுக்கி வைத்த பிறகும் 10,000 மிச்சம் இருந்தால், வீடு.

நாலாவது வரியில் ஒதுக்கி வைப்பதுதான் முக்கியம். ஒரு பருவத்துக்கு 28 நாள். பருவம் மாறியதும் பழைய பயிர்களில் பெரும்பாலானவை காய்ந்துவிடும். புதுப் பருவத்தின் முதல் நாளில் விதைக்குக் காசு இல்லை என்றால், புது அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இரண்டாம் கட்டம்: கூடுதல் அறைகள்

2024-ல் வந்த 1.6 அப்டேட்டின்படி இதற்கு 65,000 கோல்டு, 100 ஹார்டுவுட் வேணும். பழைய வெர்ஷனில் 50,000 கோல்டும் 150 ஹார்டுவுட்டும் கேட்டது. இணையத்தில் பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுபவர்கள் இதைக் கவனிக்கணும். மொபைலுக்கு 1.6 அப்டேட் 2024 நவம்பரில் வந்தது.

இந்தக் கட்டத்தில் கூடுதல் அறைகளும், தொட்டிலோடு குழந்தைக்கான அறையும் கிடைக்கும். கல்யாணமானவர்கள் குழந்தை பெற்றுக்கொள்ள இது கட்டாயம்.

ஹார்டுவுட் எங்கே கிடைக்கும்? சாதாரண மரத்தில் கிடைக்காது. ஊருக்குத் தென்மேற்கே உள்ள காட்டின் ஓரத்தில் 'சீக்ரெட் வுட்ஸ்' இருக்கிறது. அதன் வழியை ஒரு பெரிய மரத்துண்டு அடைத்திருக்கும். அதை உடைக்க ஸ்டீல் கோடாலி வேணும். கொல்லர் கிளின்ட்டிடம் முதலில் செம்புக் கோடாலிக்கு 2,000 கோல்டு, 5 செம்புக் கட்டி. பிறகு ஸ்டீலுக்கு 5,000 கோல்டு, 5 இரும்புக் கட்டி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள்.

உள்ளே நுழைந்துவிட்டால் தினமும் 6 பெரிய அடிமரங்கள் முளைத்திருக்கும். ஒன்றுக்கு 2 வீதம் நாளுக்கு 12 ஹார்டுவுட். 100 சேர 9 நாள் போதும். ஆக, இரண்டாம் கட்டத்தில் தடை மரம் இல்லை, கோடாலிதான். காசு சேரும்வரை காத்திருக்காமல் கோடாலியை முன்கூட்டியே மாற்றியவர்களுக்கு வேலை சுலபம்.

மூன்றாம் கட்டம்: நிலவறை

செலவு 1,00,000 கோல்டு. மரம் வேண்டாம். வீட்டுக்கு அடியில் ஒரு நிலவறையும், அதில் 33 மரப்பீப்பாய்களும் கிடைக்கும். ஒயின், சீஸ் போன்றவற்றை இதில் வைத்துப் பழக்கினால் தரம் உயரும். மிக உயர்ந்த தரம் வந்தால் அடிப்படை விலையைப் போல இரண்டு மடங்கு. சீஸுக்கு 14 நாள், ஒயினுக்கு 56 நாள் ஆகும்.

ஒரு லட்சம் போட்டால் திரும்புமா? ஒரு கணக்கு. ஸ்டார்ஃப்ரூட் பழத்தில் செய்த ஒயினின் அடிப்படை விலை 2,250 கோல்டு. நிலவறையில் 56 நாள் இருந்தால் 4,500. ஒரு பீப்பாய்க்குக் கூடுதல் லாபம் 2,250. 33 பீப்பாய்க்கு 74,250. இரண்டு முறை எடுத்தால் 1,48,500. இரண்டு முறைக்கு ஆகும் 112 நாள் என்பது கேமில் சரியாக ஓர் ஆண்டு.

அதாவது முறையாகப் பயன்படுத்தினால் ஓர் ஆண்டுக்குள் போட்ட காசு திரும்பி, மேலே 48,500 நிற்கும். வீட்டின் மூன்று கட்டங்களில் நேரடியாகச் சம்பாதித்துத் தருவது இது ஒன்றுதான். ஆனால் பீப்பாயில் வைக்க ஒயினே இல்லாதவருக்கு நிலவறை வெறும் இருட்டறை. பழத்தோட்டமும், ஒயின் செய்யும் கெக் கருவிகளும் தயாரான பிறகுதான் இதில் கை வைக்கணும்.

வீட்டை நிர்வகிப்பது எப்படி?

பெரிதாக்கியதோடு வேலை முடியாது. தினசரி நேரம் மிச்சமாகும்படி வீட்டை வைத்திருக்கணும். இந்த கேமில் ஒரு நாள் காலை 6 மணிக்குத் தொடங்கி இரவு 2 மணிக்கு முடியும். நிஜத்தில் அது சுமார் 14 நிமிடம். நிமிடத்துக்கு மதிப்பு உண்டு.

பெட்டிகள்: 50 கட்டையில் ஒரு பெட்டி செய்யலாம், 36 இடம் இருக்கும். விதைக்கு ஒன்று, தாதுக்களுக்கு ஒன்று, விற்க வேண்டியதற்கு ஒன்று எனப் பிரித்து வாசல் பக்கம் வைத்தால் தேடும் நேரம் குறையும். பெட்டிக்கு நிறமும் மாற்றலாம்.

ஃபிரிட்ஜ்: காய், மீன், முட்டையை இதில் வைத்தால் சமைக்கும்போது நேரடியாக எடுத்துக்கொள்ளும். பையில் சுமக்க வேண்டாம்.

டிவி: காலையில் எழுந்ததும் நாளைய வானிலையைப் பாருங்கள். நாளை மழை என்றால் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, சுரங்கத்துக்குப் போகலாம்.

அலங்காரம்: மேசை, நாற்காலி, சுவர்த்தாள் எல்லாம் ஆசைக்குத்தான், வருமானம் இல்லை. எல்லா மரச்சாமான்களையும் இலவசமாக எடுக்க உதவும் கேட்டலாக் ராபின் கடையில் 2,00,000 கோல்டு. நிலவறையைப் போல இரண்டு மடங்கு விலை. கடைசியில் வாங்கலாம்.

தூக்கம்: இரவு 2 மணிக்குள் படுக்கைக்கு வரவில்லை என்றால் மயங்கி விழுவீர்கள். கையிருப்பில் ஒரு பகுதி, அதிகபட்சம் 1,000 கோல்டு வரை போகும்.

வீடு கட்டும் கேம் எங்கிருந்து வந்தது?

இந்த வகைக்கு முன்னோடி 'தி சிம்ஸ்'. அதன் பின்னால் ஒரு நிஜ வீடு இருக்கிறது. 1991 அக்டோபரில் அமெரிக்காவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் பெரும் தீ பரவியது. சிம்சிட்டி கேமை உருவாக்கிய வில் ரைட்டின் வீடு அதில் எரிந்துபோனது. மறுபடி வீடு கட்டி, கரண்டி முதல் கட்டில் வரை ஒவ்வொன்றாக வாங்கியபோது, ஒரு வீட்டுக்கு உண்மையில் என்னதான் தேவை என்ற யோசனை அவருக்கு வந்தது. 2000 பிப்ரவரியில் வெளியான தி சிம்ஸ், அந்த யோசனையிலிருந்து வளர்ந்த கேம்தான்.

எல்லாவற்றையும் இழந்த ஒருவர் போட்ட கணக்கு, இன்று கோடிக்கணக்கானோர் பொழுதுபோக்காகப் போடும் கணக்கு.

கடனில் வீடு கட்டும் கேம் எது?

ஸ்டார்டியூ வேலியில் கடன் கிடையாது. காசு இருந்தால்தான் வேலை. 2020 மார்ச்சில் வந்த நின்டெண்டோவின் 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' இதற்கு நேர்மாறு. அங்கே டாம் நுக் என்ற கடைக்காரர் முதலில் வீட்டைக் கட்டிக் கொடுத்துவிடுவார். பிறகு கடனை அடைக்கணும்.

கூடாரத்தை வீடாக்க 98,000 பெல். அதன் பிறகு ஒவ்வொரு விரிவாக்கத்துக்கும் 1,98,000, 3,48,000, 5,48,000, 7,58,000, 12,48,000. கடைசியாக அடித்தளத்துக்கு 24,98,000. மொத்தம் 56,96,000 பெல்.

கேட்கவே தலை சுற்றுகிறதா? ஆனால் வட்டி இல்லை, மாதத் தவணை இல்லை, கெடு தேதி இல்லை. பத்து வருடம் கழித்துக் கட்டினாலும் டாம் நுக் வீட்டுக்கு ஆள் அனுப்ப மாட்டார்.

நிஜத்தில் எப்படி? 10 லட்சம் ரூபாய் வீட்டுக் கடனை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கினால், மாதத் தவணை சுமார் 8,678 ரூபாய். 20 ஆண்டில் கட்டும் மொத்தத் தொகை சுமார் 20.83 லட்சம். வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கேமில் கடன் வாங்கிப் பழகியவர்கள் நிஜத்தில் கடன் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

நிஜத்தில் வீடு எப்படி வளர்கிறது?

கட்டம் கட்டமாக வீடு வளர்வது நமக்குப் புதிதல்ல. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் குடிசைகளுக்குப் பதிலாக 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்ற இலக்கோடு, 2024 பிப்ரவரியில் தமிழக பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. முதல் கட்டமாக 2024-25-ல் 1 லட்சம் வீடுகள், ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். வீட்டின் அளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் கூரை. திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள 14 ஊராட்சி ஒன்றியங்களில் கடம்பத்தூரும் ஒன்று.

இந்தத் திட்டத்தில் பணம் மொத்தமாகக் கைக்கு வராது. வேலை முடிய முடிய, கட்டம் கட்டமாக வரும். அஸ்திவாரம் போட்டு ஜல்லி, சிமென்ட், கொத்தனார் கூலி என எல்லாவற்றுக்கும் முன்பணம் புரட்டுபவருக்கு, ஸ்டார்டியூ வேலியின் "கட்டை பையில் இருந்தால்தான் வேலை" என்ற விதி நன்றாகவே புரியும்.

ஒரு வித்தியாசம் உண்டு. கேமில் வரிசை தவறினால் சில நாள் போகும். நிஜத்தில் வரிசை தவறினால், லிண்டல் வரை எழுந்த சுவர் பல வருடம் அப்படியே நிற்கும்.

'இலவச' கேம்களில் காசு எங்கே போகிறது?

ஸ்டார்டியூ வேலிக்கு ஒரே ஒரு முறை விலை. உள்ளே போன பிறகு வாங்க எதுவும் இல்லை. வீடு கட்ட மூன்று நாள் ஆகும் என்றால், அது கேம் நாள். நிஜத்தில் அதிகபட்சம் 42 நிமிடம். சீக்கிரமே போய்த் தூங்கினால் அதுவும் குறையும்.

இலவசமாக டவுன்லோட் ஆகும் பல கேம்களில் கதையே வேற. அங்கே ஒரு கட்டடத்தை மேம்படுத்த 8 மணி நேரம், 2 நாள், 6 நாள் என்று கடிகாரம் ஓடும். இது நிஜ நேரம். பக்கத்திலேயே ஒரு பட்டன் இருக்கும். ஜெம் கொடுத்தால் இப்போதே முடியும். ஜெம் தீர்ந்தால் ரூபாய்.

ஆரம்ப நிலைகளில் காத்திருப்பு சில நொடிதான். கை பழகிய பிறகு அது மணிக்கணக்கு, நாள்கணக்கு ஆகும். ஒரு முறை 89 ரூபாய் என்றால் பெரிதாகத் தெரியாது. வாரத்துக்கு மூன்று முறை என்றால் மாதத்துக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டும். ஷிஃப்ட் முடிந்து வரும்போது, தூக்கக் கலக்கத்தில் தட்டும் பட்டன் இது.

எனவே எந்த வீடு கட்டும் கேமாக இருந்தாலும் உள்ளே நுழையும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். இந்த கேம் காத்திருக்கச் சொல்கிறதா, காத்திருப்பை விலைக்கு விற்கிறதா?

சட்டம் என்ன சொல்கிறது?

ஆன்லைன் கேமிங் ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். இது பணம் கட்டி, பதிலுக்குப் பணம் ஜெயிக்கலாம் என்று ஆசை காட்டும் கேம்களைத் தடை செய்கிறது. தமிழ்நாட்டிலும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களுக்கு இரவு 12 முதல் காலை 5 வரை தடை என்ற விதி 2025 பிப்ரவரியில் வந்தது.

ஆனால் வீட்டைப் பெரிதாக்க ஜெம் வாங்குவது இந்த வகையில் வராது. அங்கே ஜெயிப்பதற்குப் பணம் எதுவும் இல்லை, செலவு மட்டும்தான். அதனால் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. போனைக் கையில் வைத்திருப்பவர்தான் பார்த்துக்கணும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோர் செட்டிங்ஸுக்குப் போய், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டோ கைரேகையோ கேட்கும்படி மாற்றி வையுங்கள். ஐபோனில் ஸ்கிரீன் டைம் பகுதியில், கேமுக்குள் வாங்கும் வசதியையே நிறுத்தி வைக்கலாம்.

குழந்தை தெரியாமல் வாங்கிவிட்டால் பதற வேண்டாம். கூகுள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் ரீஃபண்ட் கேட்டுப் பாருங்கள். நாள் போகப் போக வாய்ப்புக் குறையும்.

யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியைத் திறந்து, கேம் பெயரில் ஏதாவது ஓடுகிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம்.

'இலவச ஜெம்', 'அன்லிமிடெட் கோல்டு' என்று வாட்ஸ்அப், டெலிகிராமில் வரும் ஏபிகே ஃபைல்களை இன்ஸ்டால் செய்ய வேண்டாம். அவற்றில் வங்கி விவரங்களைத் திருடும் புரோகிராம்கள் இருக்கலாம். பணம் பறிபோனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

சுருக்கமாக

முதல் கட்டம்: 10,000 கோல்டு, 450 மரக்கட்டை. சமையலறை கிடைக்கும். மரத்தை முதல் ஆண்டிலேயே சேர்த்துக்கணும்.

இரண்டாம் கட்டம்: 65,000 கோல்டு, 100 ஹார்டுவுட். கூடுதல் அறைகள். ஸ்டீல் கோடாலி முன்பே தயாராக இருக்கணும்.

மூன்றாம் கட்டம்: 1,00,000 கோல்டு. நிலவறை. ஒயினோ சீஸோ செய்யத் தொடங்கிய பிறகு.

வரிசை: விதை, பை, கோழிக்கூடு, பிறகு வீடு.

கடம்பத்தூரில் ஏறியவர் சென்ட்ரலில் இறங்குவதற்குள் கேமில் நாலைந்து நாள் ஓடிவிடும். அந்த நேரத்தில் ஒரு சமையலறையே கட்டி முடிக்கலாம். அதற்காக நிஜப் பர்ஸிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகப் போகவில்லை என்றால், விளையாட்டு விளையாட்டாகவே இருக்கிறது என்று அர்த்தம்.